மைக் மாமாவின் உப்பு டப்பி

விசேட அறிவித்தல்! விசேட அறிவித்தல்! எமது கிராமத்தில் பிறந்தவரும், நீல மூடி உடையவரும், ஒரு பக்கம் நெளிந்தவரும், நெடுங்காலமாகச் சட்டைப்பையை வசிப்பிடமாகக் கொண்டிருந்தவருமான உப்பு டப்பி அவர்கள் தொலைந்துவிட்டார் என்பதை ஆழ்ந்த கவலையுடன் அறியத்தருகிறோம். அன்னார் பழைய தகரத்தின் அன்பு மகனும், கல்லுப்பின் பாசமிகு துணைவரும், பச்சை மாங்காய், கொய்யாக்காய், வெள்ளரிப்பிஞ்சு ஆகியோரின் உற்ற நண்பரும் ஆவார். கண்டெடுத்தவர்கள் மைக் மாமியிடம் ஒப்படைக்கவும். கடலில் தூக்கி எறிவதற்காக மாமி அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஊர்க் கழகச் செயலாளர் அண்ணா, தடியை எடுக்க வேண்டாம். "மைக் மாமாவின்ர முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தா, பகிடி விடாமல் எழுது" என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் மைக் மாமாவைப் பற்றிப் பகிடி இல்லாமல் எழுதுவது உப்பில்லாத கஞ்சி. அதை அவர் கடைசிக் காலத்தில் குடித்தார். போதும், மலரிலும் அவருக்கு அதையே ஊற்ற வேண்டாம்.

செய்தி வந்த அன்று காலை நான் றபீக் நானாவின் தேநீர்க் கடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். முதல் நாள் சைக்கிளில் ஒலிபெருக்கிக் கொம்பைக் கட்டிக்கொண்டிருக்கும்போது மாமா அப்படியே சரிந்து விழுந்து, மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். நானாவின் கைத்தொலைபேசி அடித்தது. கேட்டார், வைத்தார், வானொலியை நிறுத்தினார்.

"மைக் போயிட்டார் மகன்."

நாங்கள் இருவரும் வீதியைப் பார்த்தோம். எங்கள் ஊரில் யார் இறந்தாலும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கொம்பு வீதியில் வரும், விபரம் சொல்லும். மற்றவர்களின் சாவைக் கேட்ட பழக்கத்தில் அதற்காகவே காத்திருந்தோம் என்று நினைக்கிறேன். பிறகுதான் நானாவுக்கு விளங்கியது.

"இனி இவர்ர சாவை ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுறன்" என்றேன்.

சொன்னேன். கடதாசி பார்க்காமல், ஒரு பேரும் பிசகாமல், ஊர் முழுக்கச் சுற்றிச் சொன்னவன் நான்தான் என்பதை இந்த மலரில் பெருமையுடன் பதிந்து கொள்கிறேன். பெருமை பேசுவது கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.

அவருடைய பேர் அந்தோனிப்பிள்ளை என்பது பலருக்கு அவருடைய மரண அறிவித்தலைக் கேட்டுத்தான் தெரிந்தது. போர் முடிந்து அகதி முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது ஊரில் இருந்தவை பற்றைக்காடும் கூரையில்லாத சுவர்களும். மின்சாரத்துக்கு முன்னர் மைக் மாமாவின் கொம்பு வந்துவிட்டது. சைக்கிளின் பின்னால் மோட்டார்சைக்கிள் பற்றரி, முன்னால் கொம்பு, நடுவில் அவர். தகரம் கொடுக்கிறார்கள், அடையாள அட்டையோடு வாங்கோ. தண்ணீர் பவுசர் சந்தியில் நிற்கிறது. மிதிவெடி எடுக்காத பக்கம் விறகுக்குப் போகாதேங்கோ. பின்னேரம் புத்தளத்தில் இடம்பெயர்ந்திருந்து திரும்பிய ஆக்களோடு எங்கட பிள்ளைகளுக்குப் பந்தாட்டம், தோற்றாலும் கைதட்டுங்கோ. எல்லாம் அந்தக் கொம்பால்தான் வரும்.

உப்புப் பழக்கம் அவருக்கு முகாமில் தொற்றியது. அங்கே சனம் பிரிந்து பிரிந்து கிடந்தபோது, ஆளை ஆள் தேடுகிறவர்கள் அவரிடம் வந்து பேரைக் கொடுப்பார்கள். அவர் கம்பி வேலியோரம் நின்று கூப்பிடுவார். மைக் கிடைக்காத நாட்களில் வெறும் தொண்டை. புழுதியில் குரல் அடைத்துவிடும். யாரோ ஒருவர் நாக்கில் ஒரு கல் உப்பு வைக்கச் சொல்லியிருக்கிறார். வைத்தார்; குரல் வந்தது. அன்றிலிருந்து அவருக்கு உப்பு என்றால் குரல். "தொண்டைக்கு உப்பு, மைக்குக்குப் பற்றரி" என்பார். வைப்பது ஒரு கல்லோடு நின்றிருந்தால் நான் ஏன் இந்த வயதில் ஒரு மனிதரோடு சண்டைக்காரனாக அலைந்திருக்கப் போகிறேன்? மாங்காய்க்கு உப்பு, மோருக்கு உப்பு, உப்புப் போட்டு அவித்த மரவள்ளிக்கு மேல் உப்பு. நானாவின் கடையில் ஒருமுறை வாழைப்பழத்துக்கும் போட்டதை நான் கண்ணால் கண்டேன்.

நடமாடும் கிளினிக் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளில் நானும் அங்கே நின்றேன். ஆணி குத்திய காலுக்கு ஊசி போட. டொக்டர் இளம் பெண். பிரஷர் பார்க்க மாமாவின் கையில் கட்டிய பட்டியை ஊதிப் பார்த்தார், பிறகு திரும்பவும் ஊதிப் பார்த்தார்.

"ஐயா, உப்பு எவ்வளவு சாப்பிடுறியள்?"

"அளவாத்தான், டொக்டர்."

பக்கத்தில் நின்ற மாமி விடவில்லை. "இவருக்கு அளவெண்டால் உப்பளம்தான் டொக்டர்!"

டொக்டர் சிரிக்கவில்லை. கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். "ஐயா, மூளைக்குள்ள மயிரைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் இருக்கு. நீங்கள் ஒரு பேரை யோசிக்கேக்க, அந்த வேலை நடக்கிற இடத்தில குழாய் விரிஞ்சு இரத்தத்தைக் கூட விடவேணும். நெடுக உப்புக் கூடினால் அந்தக் குழாய்கள் விரியாமல் விறைச்சுப் போகும். தேவையான நேரத்தில தேவையான இடத்துக்கு இரத்தம் போகாது. பிரஷர் ஏறுறது ஒரு கரைச்சல், இது வேறொரு கரைச்சல். பிரஷருக்குக் குளிசை போட்டுக்கொண்டு உப்பையும் சாப்பிடலாம் எண்டு நினைக்காதேங்கோ."

"என்ர மூளையில இரத்தம் நல்லா ஓடுது, டொக்டர். வேணுமெண்டால் சொல்லட்டே?" என்று மாமா எழுந்து நின்றார். கடற்கரை வீட்டிலிருந்து தொடங்கினார். இன்னார், இன்னாரின் மகன், கட்டினது இன்ன ஊரில், பிள்ளைகள் இன்னின்னார், ஒருவர் கனடா, ஒருவர் மடு. வரிசையில் நின்ற சனம் கைதட்டியது. டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. பிறகு அவருக்கு யார் என்னத்தைச் சொல்வது?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வழக்குப் பேசிக்கொண்டு வந்தேன்.

"டொக்டர் உப்பு வேண்டாம் எண்டவ, மாமா."

"டேய், அவ சொன்னது உப்பை. இது கல்லுப்பு."

"தூளாக்கினால்?"

"தூளாக்கினால்தானேடா உப்பு!"

"கருவாடு?"

"அது மீன். மீன் நல்லதெண்டு அவதான் சொன்னவ."

"அதில பாதி உப்பு மாமா!"

"வெயிலில சைக்கிள் மிதிக்கிறன். வேர்வையில போயிடும்."

"போனதை ஏன் திரும்பப் போடுறியள்?"

"போனால் போடத்தானே வேணும், மடையா!"

இந்த மனிதரோடு நியாயம் கதைத்துப் பயனில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். வேலிக்கு அடுத்த வீட்டுக்காரன் நான். டப்பி அவர் குளிக்கும்போது கிணற்றுக்கட்டில் இருக்கும். ஒரு நாள் உப்பைக் கொட்டிவிட்டுச் சீனியைப் போட்டு வைத்தேன். அடுத்த நாள் காலை ஊர் முழுக்கக் கேட்டது: "அன்பார்ந்த பொதுமக்களே, இன்றைய தினம் தண்ணீர் பவுசர் வழமையான நேரத்தில்... த்தூ! எந்தக் கழுதையடா இது!" மன்னார் ரவுணில் வீதிக்கு வீதி கழுதைகள் நின்றாலும் எங்கள் ஊரில் ஒன்றுதான் என்பதால், கல்லு நேரே என் வீட்டுக் கூரைக்கு வந்தது.

அதற்குப் பிறகு செய்தது என் வாழ்நாள் சாதனை. அவர் கோயிலுக்குள் போன நேரம் பார்த்துச் சைக்கிளை எடுத்தேன். அவர் குரலிலேயே சொன்னேன்: "விசேட அறிவித்தல்! மைக் மாமா என்றழைக்கப்படும் நபருக்கு உப்பு, ஊறுகாய், கருவாடு என்பவற்றைக் கொடுப்பவர்களின் வீட்டு அறிவித்தல்கள் இனிமேல் இலவசமாகச் சொல்லப்பட மாட்டாது." சனம் நம்பிவிட்டது! பொழுதுபடும் நேரத்தில் றபீக் நானா மேசையில் இருந்த உப்புப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியே விட்டார். மாமா கடைக்கு வந்து கேட்டார்.

"நானா, உப்பு?"

"மன்னிக்கோணும் மைக். நீங்கதான் தராதேங்கோ எண்டு அறிவிச்சீங்க."

"நான் எப்ப அறிவிச்சனான்?"

"உங்கட குரல்தானே கேட்டது!"

மாமா என்னைப் பார்த்தார். நான் வீதியைப் பார்த்தேன். அவரிடம் இருந்த உப்பை யாராலும் பூட்ட முடியாது என்பதும், சட்டைப்பையில் டப்பி நிரம்பித்தான் இருந்தது என்பதும் பிறகு தெரிந்தது. ஆனாலும் சில காலத்துக்குப் பிறகு அவர் உப்பை நிறுத்தியபோது, நிறுத்தியவன் நான்தான் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். உண்மையில் அவரை நிறுத்தியது யார் என்பதை இப்போது எழுதத்தான் வேண்டும்.

முதலில் வந்தது பகிடியாகத்தான் வந்தது. ஒரு மரண அறிவித்தலில், உறவுகளை அடுக்கிக்கொண்டு வந்த மாமா, "காலஞ்சென்ற சூசை அவர்களின் மைத்துனரும்" என்று சொல்லிவிட்டார். சூசை அண்ணை அந்த நேரம் வீதியோரத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். "டேய் மைக், நான் எப்பயடா செத்தனான்? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!" என்று கத்தினார். ஊர் சிரித்தது. நானும் இரண்டு நாள் சூசை அண்ணையைக் கண்டால் சிலுவை அடையாளம் போட்டுக் கும்பிட்டேன். மாமாவும் சிரித்தார். ஆனால் கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தார்.

இரண்டாவது தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

திரேசம்மா பெரியம்மாவின் அண்ணர் வயது போய் இறந்தார். பெரியம்மாவின் மகன், மெரீனாவின் சகோதரன் நிக்சன் போரின் கடைசிச் சண்டையில் காணாமற்போனவர். பெரியம்மா பதியாத இடமில்லை, ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோரில்லை. இந்த மாதிரிப் பிள்ளைகள் எங்கள் ஊரில் வேறு வீடுகளிலும் உண்டு என்பதால், மாமாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. அறிவித்தல்களில் அந்தப் பேர்களை விடமாட்டார். முன்னால் 'காலஞ்சென்ற' என்றும் போடமாட்டார். உயிரோடு இருக்கிறவர்களின் பேர்களோடு அதே குரலில் சொல்லிக்கொண்டு போவார். "பேரைப் பிழையாச் சொன்னால் ஆளையே பிழையாக்கிப் போடும்" என்பார். அந்த வீட்டுத் தாய்மார் கொம்புச் சத்தம் கேட்டால் வேலியடிக்கு வந்து நிற்பது அந்த ஒரு பேரைக் கேட்கத்தான்.

அன்று கொம்பு சொன்னது: "காலஞ்சென்ற நிக்சன், மற்றும் மெரீனா ஆகியோரின் பாசமிகு மாமனும்..."

நான் எங்கள் முற்றத்தில் நின்று கேட்டேன். கேட்டவுடன் மாமாவின் வீட்டு முற்றத்துக்கு ஓடினேன். மாமாவுக்குத் தான் சொன்னது தெரியவே தெரியாது. சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து பற்றரியை இறக்கிக்கொண்டிருந்தார். திரேசம்மா பெரியம்மா வேலிப் படலையடியில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. சண்டைக்கு வந்த முகமாகவும் தெரியவில்லை.

"அந்தோனி, உனக்கு ஆர் சொன்னது?"

"எதை அக்கா?"

"நிக்சன்ர விசயம். கந்தோரில இருந்து கடதாசி வந்ததோ? ஆரும் கண்ட ஆக்கள் சொன்னவையோ? எனக்கு மறைக்காதை."

மாமாவின் முகத்தை அன்றைக்கு நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "நிக்சன் அண்ணாவுக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போட்டிட்டியள், மாமா."

கையில் இருந்த பற்றரியை மண்ணில் வைத்தார். "ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. ஒரு கடதாசியும் வரேல்லை. என்ர நாக்குப் பிசகினது. என்ர அம்மாவாணை எனக்கு ஒண்டும் தெரியாது."

பெரியம்மா அவருடைய முகத்தைப் பார்த்தார். நம்புவதா விடுவதா என்று பார்த்திருப்பார். பிறகு சொன்னார்: "அப்ப போய்த் திரும்பச் சொல்லு. எல்லா இடமும் சொல்லு."

இறக்கிய பற்றரியைத் திரும்ப ஏற்றினார். நடு வெயில். கடற்கரை வீதி, கோயிலடி, சந்தி, குளத்தடி, எங்கெங்கே பிழையாகச் சொன்னாரோ அங்கெல்லாம் போய், "திருத்தம். அன்னார் நிக்சன், மெரீனா ஆகியோரின் பாசமிகு மாமனும் ஆவார்" என்று சொன்னார். அந்த ஒரு வரியை மட்டும். பெரியம்மாவின் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி இறங்கி நின்று சொன்னார். அன்று இரவு, வழக்கம்போலக் கேட்டுச் சண்டை பிடிப்பார் என்று மாமி உப்புப் போத்தலோடு வந்தபோது கையால் மறித்துக் கஞ்சியை அப்படியே குடித்தாராம். மாமி அடுத்த நாள் எங்கள் வீட்டில் வந்து அழுதார். உப்பு வேண்டாம் என்று இத்தனை நாள் கத்தியவரே, மனிசன் உப்பு வேண்டாம் என்றதும் பயந்து போனார்.

அடுத்த கிளினிக்குக்கு மாமா யாரும் கூப்பிடாமலே போனார். "டொக்டர், பேர் யோசிக்கிற இடத்துக்கு இரத்தம் போகவேணும் எண்டு சொன்னனீங்கள்தானே. அது தலையில எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தேய்த்துவிடலாம் என்று நினைத்தாரோ தெரியாது. சின்னச் சின்ன அடைப்புகள் முன்னமே வந்திருக்கலாம் என்றும், இப்போது குறைத்தாலும் நல்லதுதான், ஆனால் கனகாலம் விறைத்த குழாய் கெதியில் இளகாது என்றும் டொக்டர் சொன்னார். உப்பு மட்டும்தானா காரணம் என்று மாமி கேட்டதற்கு, "உப்பும் ஒரு காரணம்" என்றார். யாரையாவது முழுதாகத் திட்டித் தீர்க்கலாம் என்றால் அதற்கும் டொக்டர் விடவில்லை. எனக்கு அதுவும் எரிச்சல்தான்.

அதன் பிறகு அறிவித்தலுக்குப் புறப்படும் முன் வேலிக்கு மேலால் கூப்பிடுவார். "டேய், கழுதை! கேள்." பேர்களைச் சொல்வார். நான் பிழை பிடிக்க வேண்டும். முதலில் வேண்டுமென்றே சரியான பேரையும் பிழை என்று சொல்லிக் கத்த வைப்பேன். பிறகு அப்படிச் செய்வதை விட்டுவிட்டேன், ஏனென்றால் அவர் என்னை நம்பத் தொடங்கிவிட்டார். நம்புகிறவரிடம் பகிடி விட்டால் அதில் என்ன சுவை? சாப்பாட்டைப் பற்றி மட்டும் புலம்பல் ஓயவில்லை. "கடலுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு உப்பில்லாமல் தின்னுற ஒரே சீவன் நான்தான். மீனே எனக்கு மேல்" என்பார். இத்தனைக்கும் இன்னும் கொஞ்சக் காலம் முன்னரே, அந்தக் கைதட்டலுக்கு எழும்பி நின்ற நேரத்திலேயே இந்தக் கஞ்சியைக் குடித்திருந்தால் என்னவாம்? இதை நான் அவரிடம் நேரே கேட்டிருக்கிறேன். "அப்ப எனக்குப் பேர் மறக்கேல்லையேடா" என்றார்.

இனி, தொடக்கத்தில் நான் அடித்த பெருமைக்கு வருவோம்.

ஊர் முழுக்கச் சுற்றிச் சொன்னேன் என்று எழுதினேன். உண்மை. ஆனால் மாமாவின் சைக்கிளோடு நானாவின் கடையடிக்கு வந்து மைக்கைப் போட்டவுடன் எனக்குக் குரல் வரவில்லை. சனம் கூடிவிட்டது. கொம்பில் என் மூச்சுத்தான் கேட்டது. தண்ணீர் தந்தார்கள், குடித்தும் வரவில்லை. சைக்கிளில் தொங்கிய மைக் பையில் வயரைத் தேடுவதுபோலக் கையை விட்டேன். டப்பி தட்டுப்பட்டது. உப்பைச் சாப்பிடுவதை நிறுத்தியவர் டப்பியை எறியவில்லை, நிரப்பியபடியே வைத்திருந்தார். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்புக்கு எதிராக ஊர் முழுக்க மைக் பிடித்த அதே நான்.

குரல் வந்தது. பேர்களும் வந்தன, ஒன்றும் பிசகவில்லை. நிக்சன் அண்ணாவின் பேர் அதில் வராது, சொந்தமில்லை. ஆனாலும் பெரியம்மா கடை வேலியடிக்கு வந்து நின்றார், அதனால் 'அயலவர் நிக்சன்' என்று ஒன்றைச் சேர்த்தேன். எல்லாம் சொன்னேன். கடைசியில் 'அந்தோனிப்பிள்ளை அவர்கள்' என்று வந்தது. அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது ஒரேயொரு சொல். அது மட்டும் வரவில்லை. இரண்டாவது கல்லும் போட்டேன். வரவேயில்லை. றபீக் நானா என் கையிலிருந்து மைக்கை வாங்கி "காலமானார்" என்று சொன்னார். கோயிலடியிலும் சந்தியிலும் குளத்தடியிலும் அப்படித்தான் நடந்தது. நானா சைக்கிளைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்து, ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் சொன்னார். வேண்டுமானால் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

மாமி, டப்பியைத் தேட வேண்டாம். என் மேசைக்குள் இருக்கிறது. கடலில் உப்புக்குக் குறைவில்லை, அதனால் இது என்னிடமே இருக்கட்டும். மூடியைத் திறந்து பார்த்து ஏசுவீர்கள் என்பதற்காக முன்கூட்டியே அறியத்தருகிறேன்: அதில் இரண்டு கல் குறையும்.